காலண்டர் மாட்டியிருந்த ஆணி

நான் என் வாழ்க்கையில் ஒரு ஆணிகூடச் சுவரில் அடித்ததில்லை. வீட்டில் படம் மாட்ட வேண்டுமென்றால் மனைவிதான் ஸ்டூல் போட்டு ஏறுவாள். நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு "கொஞ்சம் இடது பக்கம்" என்பேன். என் பங்கு அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இன்று நீங்கள் கேட்கப்போவது ஒரு ஆணியைப் பற்றி.

விசாரணைக் குழுவில் மூன்று பேர் இருக்கிறீர்கள். தலைவர் அம்மா ஓய்வுபெற்ற நீதிபதி. பக்கத்தில் இருப்பவர் கட்டடப் பொறியாளர். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் தணிக்கை அதிகாரி. ரத்தம் படித்தவர் ஒருவரும் இல்லை. ரத்தத்தைப் பற்றி விசாரிக்க இதைவிடப் பொருத்தமான குழுவை எங்கள் நிர்வாகத்தால்தான் அமைக்க முடியும். பரவாயில்லை. பொறுமையாகச் சொல்கிறேன். சொல்லிக்கொடுப்பதில் எனக்குச் சலிப்பே வராது.

என் மச்சினன் எப்படி இறந்தான் என்பது உங்கள் கேள்வி. ரத்தப் புற்றுநோயால் இறந்தான் என்பது சுருக்கமான பதில். நீளமான பதில்தான் அழகானது.

உங்கள் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் என்று ஒரு கூட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றின் நடுவிலும் நூல்துண்டுகள் மாதிரி குரோமோசோம்கள் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு இடுப்பு தெரியும். நூலை நடுவில் யாரோ கிள்ளிவிட்டது போல. கதிர்வீச்சு பாயும்போது இந்த நூல்கள் அங்கங்கே அறுந்துவிடும். உடம்பு சும்மா இருக்காது, அறுந்ததை ஒட்டப் பார்க்கும். பெரும்பாலும் சரியாக ஒட்டிவிடும். எப்போதாவது அவசரத்தில் ஆள் மாற்றி ஒட்டிவிடும். அப்போது இரண்டு இடுப்புள்ள ஒரு துண்டு உருவாகும். அதைக் கண்டால் போதும், இந்த ஆள் மீது கதிர் பட்டிருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். சாதாரண மனிதர்களிடம் தேடித் தேடிப் பார்த்தாலும் ஒன்று அகப்படுவது அபூர்வம். எத்தனை அகப்படுகின்றன என்று எண்ணினால், எவ்வளவு கதிர் பட்டது என்றும் சொல்லிவிடலாம். யோசித்துப் பாருங்கள்: ஒவ்வொரு மனிதனும் தனக்குள்ளேயே ஒரு மீட்டரைச் சுமந்துகொண்டு திரிகிறான், படிக்கத்தான் அவனுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். இந்த ஆஸ்பத்திரியில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் இங்கே சேர்ந்த காலத்தில் ரத்தப் பரிசோதனை என்றால் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. அதில் ஒரு நுண்ணோக்கி, தள்ளாடும் மேஜை ஒன்று, அந்த மேஜைக்கு முட்டுக்கொடுக்க மடித்த அட்டை. அங்கேயிருந்துதான் தொடங்கினேன். பெரிய அளவு கதிர் பட்டால் ரத்தம் என்னவாகும் என்று உலகத்துக்கு ஓரளவு தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக, தினமும், வருஷக்கணக்கில் பட்டால் என்னவாகும்? அங்கேதான் எல்லோரும் கிராஃப் பேப்பரில் கோட்டைப் புள்ளிபுள்ளியாகப் போட்டுவிட்டுக் கைவிரித்துவிடுவார்கள். அந்தப் புள்ளிக்கோட்டை முழுக்கோடாக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரு மனிதனுக்கு ஆசை இருப்பது குற்றமில்லை என்று தலைவர் அம்மாவும் ஒப்புக்கொள்வார்கள்.

அந்தக் காலத்தில்தான் மச்சினன் வேலையில்லாமல் திரிந்துகொண்டிருந்தான். மனைவி தினமும் சாப்பாடு பரிமாறும்போது நினைவூட்டுவாள்.

"என்னங்க, ஊருக்கெல்லாம் டாக்டர். என் தம்பிக்கு ஒரு வேலை பாத்துக் குடுக்க முடியலையா?"

பார்த்துக் கொடுத்தேன். கதிர்ச் சிகிச்சைப் பிரிவில் மெஷின் இயக்குபவன் வேலை. பயிற்சிக்கும் நானே அனுப்பினேன். வேலையில் சேரும் முதல் நாள் காலையில், ஒரு முன்யோசனையாக, அவனுடைய ரத்தத்தை எடுத்து ஸ்லைடு போட்டு வைத்தேன். ஊசி என்றால் அவனுக்குப் பயம். கையை என் பக்கம் நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அத்தான், முடிஞ்சதும் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இங்க இல்ல."

கதிரே படாத ரத்தம். தொடக்கப் புள்ளி. இப்படி ஒன்று கையில் இருப்பது ஆராய்ச்சிக்காரனுக்கு எவ்வளவு பெரிய யோகம் என்று உங்களுக்குப் புரியாது. விபத்து நடந்த பிறகு ஓடிப்போய் ரத்தம் எடுப்பவர்கள் ஏராளம். விபத்துக்கு முன்பே எடுத்து வைத்தவன் யார்?

விபத்து என்ற சொல்லைத் தவறுதலாகப் பயன்படுத்திவிட்டேன். எழுதிக்கொள்பவர் அடித்துவிடலாம்.

இப்போது பேட்ஜுக்கு வருவோம். கதிர்ப் பிரிவில் வேலை செய்பவர்கள் எல்லோரும் சட்டையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பேட்ஜ் குத்தியிருப்பார்கள். பட்ட கதிரை அது உள்ளே சேர்த்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பேட்ஜ்களையும் தலைமை ஆய்வகத்துக்குத் தபாலில் அனுப்புவோம். யார் மீது எவ்வளவு பட்டது என்று அங்கே அளந்து சொல்வார்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கதிர் மெஷினிலிருந்து மட்டும் வருவதில்லை. மண்ணிலிருந்து வரும், சுவரிலிருந்து வரும், ஆகாயத்திலிருந்தும் வரும். அதையெல்லாம் கழித்தால்தான் வேலையால் பட்டது எவ்வளவு என்று தெரியும். அதற்காக யாரும் அணியாத பேட்ஜ் ஒன்றையும் சேர்த்து அனுப்புவார்கள். கன்ட்ரோல் பேட்ஜ் என்பார்கள். எங்கள் ஆட்கள் அதைச் 'சும்மா பேட்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். மெஷினுக்கு வெகுதூரத்தில், சுத்தமான இடத்தில் அது சும்மா இருக்க வேண்டும். அதில் ஏறியதை மற்ற எல்லோருடைய கணக்கிலிருந்தும் கழித்துவிடுவார்கள். எளிமையான, அழகான ஏற்பாடு.

எங்கள் பிரிவில் ஒரு குமாஸ்தா இருந்தார். எதைப் பார்த்தாலும் ரப்பர் ஸ்டாம்பை ஓங்குவார் என்பதால் அவருக்கு 'முத்திரை' என்று பெயர். நல்ல மனிதர். வராந்தாவில் மாட்டியிருந்த காலண்டர் கதவுக்குப் பின்னால் மறைகிறது என்று அதைக் கழற்றித் தன் மேஜைக்கு மேலே மாட்டிக்கொண்டார். பழைய இடத்தில் ஆணி மட்டும் மிஞ்சியது. வெறும் ஆணி அவர் கண்ணை உறுத்தியது. சும்மா பேட்ஜ் அடிக்கடி தொலைந்துபோவதும் அவரை உறுத்தியது. இரண்டு உறுத்தலையும் ஒரே வேலையில் தீர்த்துவிட்டார். பேட்ஜை ஆணியில் மாட்டினார்.

அந்த ஆணிக்கு அந்தப் பக்கம் கதிர் மெஷின் இருக்கிறது. சுவருக்குள் ஈயத் தகடு பதித்திருப்பதால் பயமில்லை என்று எல்லோரும் நம்பியிருந்தோம். ஆனால் ஏசி பொருத்த வந்தவர்கள் குழாய் போவதற்காகத் தகட்டில் ஓட்டை போட்டார்கள். பிறகு குழாயை வேறு வழியாகக் கொண்டுபோனார்கள். ஓட்டையை வெறும் சிமென்ட் வைத்து அடைத்து, பெயின்ட் பூசிவிட்டுப் போய்விட்டார்கள். பொறியாளர் ஐயா தலையாட்டுகிறார். இந்த வகை வேலையை அவர் நிறையப் பார்த்திருப்பார்.

விளைவைக் கவனியுங்கள். மெஷின் ஓடும்போதெல்லாம் ஓட்டை வழியாகக் கதிர் வந்து ஆணிமேல் விழும். ஆணிக்குப் பக்கத்திலேயே, அதே சுவரை ஒட்டி, மெஷின் இயக்குபவனின் மேஜை. மேஜைக்கு விழுவதைவிட ஆணிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விழும், ஏனென்றால் ஆணி டீ குடிக்கப் போவதில்லை. ஆய்வகத்தில் மச்சினனுடைய கணக்கிலிருந்து ஆணியின் கணக்கைக் கழிப்பார்கள். விடை, சைபர். மற்றவர்களுக்கும் சைபர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் பிரிவுக்கு முழுக்க முழுக்கச் சைபர் வந்துகொண்டிருந்தது. நாட்டிலேயே பாதுகாப்பான கதிர்ப் பிரிவு என்று கேடயம் கொடுத்தார்கள். இயக்குநர் அதை வாங்கிக்கொண்டு பாதுகாப்புக் கலாசாரம் பற்றி நீண்ட நேரம் பேசினார். கேடயத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தபோது, அந்த ஆணிக்குக் கீழேயே ஒரு ஸ்டாண்டு அடித்து வைத்தார்கள். நான் இதைக் கற்பனை செய்யவில்லை. போய்ப் பாருங்கள், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எனக்கு இது எப்போதிலிருந்து தெரியும் என்று முதல் நாளே கேட்டீர்கள். அன்று கேள்வி புரியவில்லை என்றேன். புரிந்தது.

ஒரு நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆள் ஒருவர் தேவைப்பட்டார். வீட்டிலேயே ஒருவன் இருக்கும்போது வெளியே ஏன் அலைய வேண்டும்? மச்சினனிடம் எடுத்தேன். பார்த்துக்கொண்டே வந்தபோது இரண்டு இடுப்புள்ள ஒன்று தென்பட்டது. பிறகு இன்னொன்று. ஸ்லைடு மாறிவிட்டது என்று நினைத்து மறுபடி எடுத்தேன். மறுபடியும் தென்பட்டன. அந்த ஞாயிற்றுக்கிழமை மெஷினைச் சோதனைக்காக ஓடவிட்டு, மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தா நெடுகிலும் நடந்தேன். மீட்டர் அமைதியாக வந்தது. ஆணியை நெருங்கியதும் குளிர்காய்ச்சல் வந்தவன் பல்லைப் போல அடித்துக்கொண்டது. ஆணியில் சும்மா பேட்ஜ் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நொடியில் எல்லாம் புரிந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு கச்சிதமான தவறு. ஒரு முட்டாள் முயற்சி செய்தால் இப்படி வராது. மூன்று பொறுப்பான மனிதர்கள், ஒருவரையொருவர் தெரியாமல், சேர்ந்து செய்ய வேண்டும்.

சொல்லியிருக்கலாம். கொத்தனார் ஒருவரும் ஒரு துண்டு ஈயத் தகடும் வந்தால் அரை நாள் வேலை. நான் அதை யோசிக்காமல் இல்லை. திங்கள்கிழமை இயக்குநர் அறை வாசல் வரை போனேன். அவர் போனில் இருந்தார். காத்திருந்தேன். காத்திருக்கும்போதுதான் எனக்கு விஷயத்தின் முழு உருவமும் தெரிந்தது. ஆணியில் தொங்குவது சும்மா பேட்ஜ் இல்லை. என் மச்சினன் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே தொங்கும் அளவுகருவி. அவன் மீது எவ்வளவு படுகிறது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கமே அளந்து, கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில் எனக்கே அனுப்புகிறது. ஒரு பக்கம் அளவு, இன்னொரு பக்கம் ரத்தம், அதற்கும் மேலாகத் தொடக்கப் புள்ளி. புள்ளிக்கோடு முழுக்கோடாவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

இயக்குநர் போனை வைத்துவிட்டு, "என்ன டாக்டர், ஏதாவது அவசரமா?" என்றார்.

"இல்ல சார். என் ரூம்ல வெயில் வரமாட்டேங்குது. எதிர்க் கட்டடத்துல ஒரு ரூம் கிடைக்குமான்னு கேக்க வந்தேன்" என்றேன்.

கிடைத்தது. நல்ல வெளிச்சமான அறை.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் பராமரிப்பு வேலை. ஒருமுறை ஆய்வகத்திலிருந்து ஒரு அதிகாரி, உங்கள் கன்ட்ரோல் பேட்ஜில் அளவு அதிகமாக இருக்கிறதே, அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று போன் செய்தார். எங்களுடையது பழைய கருங்கல் கட்டடம், கருங்கல்லிலேயே இயற்கையாகக் கதிர் உண்டல்லவா என்றேன். உண்டுதான், சார், என்று மகிழ்ச்சியோடு வைத்துவிட்டார். கருங்கல்லில் கதிர் உண்டு என்பது உண்மை. எங்கள் கட்டடம் செங்கல் என்பதை அவர் வந்து பார்க்கவில்லை.

மச்சினனிடம் மாதாமாதம் ரத்தம் எடுத்தேன். அவன் சளைக்காமல் கொடுத்தான். வாய்தான் ஓயாது.

"என் ரத்தத்துல என்னதான் புதையல் இருக்கு அத்தான்? மாசா மாசம் தோண்டுறீங்க."

"உன் நல்லதுக்குத்தான் மாப்பிள்ளை. எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாக்க வேண்டாமா?"

"பேட்ஜ் என்ன சொல்லுது?"

"சைபர்."

"பள்ளிக்கூடத்துல வாங்கின மார்க்கு. இன்னும் என்னை விட்டுப் போக மாட்டேங்குது பாருங்க."

அவன் லீவு போட்டால் எனக்குக் கணக்கு இடிக்கும். ஆணி வாங்கிய கதிரில் அவன் வாங்காததைக் கழிக்க வேண்டிவரும். அதனால் தேவையில்லாமல் லீவு போடாதே, பொறுப்பான ஆள் என்று பெயர் வாங்கு என்று அறிவுரை சொல்வேன். வாங்கினான். அவனுக்கும் ஒரு ஆண்டு விழாவில் சிறிய கேடயம் கொடுத்தார்கள்.

என் கட்டுரை வெளியானது. 'ஒரு தன்னார்வலரிடம் நீண்டகாலம் கவனித்தவை' என்று தலைப்பு. மாநாடுகளுக்குக் கூப்பிட்டார்கள். திரையில் என் கோடு ஏறும்போது அரங்கம் அமைதியாகிவிடும். மாணவர்கள் எனக்குக் 'கோடு டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் ஒவ்வொரு மாநாட்டிலும் பின்வரிசையிலிருந்து ஒரு மொட்டைத்தலை ஆசாமி எழுந்து ஒரே கேள்வியைக் கேட்பார். "கோடு பிரமாதம் டாக்டர். ஆனா ஒரே ஒரு ஆளை வெச்சுப் போட்ட கோடு. கதிரால வந்ததா, அந்த ஆளோட குடும்ப ரத்தமே அப்படியா? அதே குடும்பத்துல ரெண்டாவது ஆள் எங்கே?" எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். எத்தனையோ ராத்திரி என் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி இது ஒன்றுதான்.

நடுவில் ஒருநாள் மச்சினன் என் வெளிச்சமான அறைக்கு வந்தான். சிநேகிதன் ஒருவன் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிப்பதாகவும், கூட்டுச் சேரக் கூப்பிடுவதாகவும் சொன்னான்.

"உடம்பு அசதியாவே இருக்கு அத்தான். நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. பல்லு விளக்கினா ரத்தம் வருது. காத்தாட வெளியில சுத்துற வேலைன்னா தேவலையோன்னு தோணுது. நீங்க என்ன சொல்றீங்க? நீங்க சொன்னா இன்னிக்கே எழுதிக் குடுத்துடுறேன்."

அவனுடைய கோடு அப்போதுதான் வளையத் தொடங்கியிருந்தது. நேராகப் போய்க்கொண்டிருந்தது மேல்நோக்கித் திரும்பும் இடம். உலகத்தில் யாரும் பார்த்திராத திருப்பம்.

மேஜையைத் திறந்து அவனுடைய பேட்ஜ் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். வரிசையாகச் சைபர்கள்.

"வேலையால வர்ற அசதின்னா இதுல தெரிஞ்சிருக்கும். வயசாகுது மாப்பிள்ளை. தொப்பையைக் குறை. பொண்ணு படிச்சிட்டிருக்கா, இப்ப போய் வேலைய விடுவியா?"

அவன் ரிப்போர்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க சொன்னா சரிதான்" என்று எழுந்து போனான். அன்று அவன் போகட்டும் என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானா என்று தலைவர் அம்மா கேட்கிறார்கள். பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. என் கோட்டை வைத்தே அதைச் சொல்ல முடியும். கோட்டின் பயன் அதுதான்.

மனைவிக்கும் அப்போதே சந்தேகம் வந்தது. நோயைப் பற்றி; என்னைப் பற்றி இல்லை.

"தம்பி முகம் வெளுத்துக் கிடக்குங்க. நீங்க ரத்த டாக்டர்தானே, பாக்கக் கூடாதா?"

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றேன். கல்யாணமான நாள் முதல் அவளிடம் நான் பொய் சொன்னதில்லை.

பிறகு அவன் படுத்தான். வைத்தியம் நானே பார்த்தேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை என்று நர்சுகளைக் கேட்டால் சொல்வார்கள். இப்படிப்பட்ட நோயாளிக்கு ஏற்றும் ரத்தத்தைக் கதிரில் காட்டி, அதிலுள்ள அந்நிய வெள்ளையணுக்களை அடக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். அந்தப் பைகளையும் அவனுடைய மெஷினில்தான் வைத்து எடுத்தோம். கடைசி வாரத்தில் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேற டாக்டரா இருந்தா எனக்கு பயமா இருந்திருக்கும் அத்தான். நீங்க இருக்கீங்க, ஊசி மட்டும்தான் பயம்."

அன்றும் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசிப் புள்ளி.

இதெல்லாம் வெளியே வந்தது ஒரு பெயின்டரால். வெள்ளையடிக்க வந்தவர் ஆணியைப் பிடுங்கி, ஆணி இருந்த துளையில் பட்டி பூசி, பேட்ஜை முத்திரையிடம் கொடுத்தார். வராந்தாவின் மறுகோடியில் இருக்கும் தன் மேஜை டிராயரில் முத்திரை அதைப் போட்டுவைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சும்மா பேட்ஜ் உண்மையிலேயே சும்மா இருந்தது. அந்த மூன்று மாதத்துக்கு எல்லோருடைய நிஜ எண்களும் வந்துவிட்டன. மச்சினனுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரின் எண்ணைப் பார்த்துத் தலைமை ஆய்வகத்தில் யாரோ நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்களாம். நம் நாற்காலிக்காரர் உடனே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். புத்திசாலி.

ஆகவே, கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும். முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தெரியும். ஓட்டை போட்டது நானில்லை, ஆணி அடித்தது நானில்லை, பேட்ஜை மாட்டியது நானில்லை. ஓட்டையை அடைக்கச் சொல்லாமல் இருந்தவன், பேட்ஜைக் கழற்றாமல் இருந்தவன், எழுந்து போக நினைத்தவனைத் திரும்ப உட்கார வைத்தவன் நான். என் மச்சினனை நான் கொன்றேன் என்று உங்கள் மொழியில் எழுதுவதானால் ஆட்சேபம் இல்லை. என் மொழியில், அவனை நான் பார்த்துக்கொண்ட அளவு கவனமாக யாரும் யாரையும் பார்த்துக்கொண்டதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள்.

அவனுடைய மகள் கதிர் மெஷின் படிப்பு முடித்திருக்கிறாள். நான்தான் அந்தப் படிப்பில் சேரச் சொன்னேன். வேலையில் இருக்கும்போது இறந்தவரின் பிள்ளைக்கு அதே பிரிவில் வேலை கொடுப்பது எங்கள் நிர்வாகத்தின் இரக்கங்களில் ஒன்று. அவளுடைய விண்ணப்பத்தைத்தான் நீங்கள் விசாரணை முடியட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். சுவரையும் அப்படியே. சுவர் சாட்சியமாம், முடிவு வரும்வரை ஓட்டையை யாரும் தொடக்கூடாது என்று நீங்களே உத்தரவு போட்டிருக்கிறீர்கள். நோயாளிகள் காத்திருப்பதால் மெஷினை மட்டும் நிறுத்தவில்லை. நியாயமான உத்தரவு. நான் குறை சொல்லவில்லை.

சுவர் உங்களிடம் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கட்டும். பெண்ணின் வேலையைத் தாமதிக்காதீர்கள். அவளுக்கு அப்பாவின் நாற்காலிதான் வேண்டுமாம். போன வாரம் வீட்டுக்கு வந்து அத்தையிடம் அழுதுவிட்டு, என்னிடம் வந்து சொன்னாள்:

"யார் என்ன வேணா பேசட்டும் மாமா. அப்பா உங்களை நம்பினாங்க. நானும் நம்புறேன்."

நல்ல பெண். அப்பாவைப் போலவே ஊசிக்குப் பயம். கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.